ஆட்டமும் கூற்றும்: குழந்தைகளுக்கு விளையாட்டுவழி ஆங்கிலப் பேச்சு கற்பித்தல் – ஒரு திறனாய்வு

முன்னுரை

குழந்தைகளுக்கு ஆங்கிலம் பேசக் கற்பிக்க விளையாட்டே சிறந்த வழி என்பது ஆசிரியர் பயிற்சிக் கையேடுகளிலும் பள்ளி விளம்பரங்களிலும் ஒருசேரக் காணப்படும் கருத்தாகும். இதனை மறுப்பார் அரியர். மறுப்பாரின்றி நிலைபெற்ற கருத்தை ஒருமுறை நிறுத்து அளந்து பார்ப்பது ஆய்வாளரின் கடமை. விளையாட்டு குழந்தையை மகிழ்விக்கிறது என்பதில் ஐயமில்லை. அது குழந்தையைப் பேசவைக்கிறதா என்பதே ஈண்டு எழும் வினா. நாற்பது பிள்ளைகள் ஆரவாரத்துடன் ஆடும் ஒரு வகுப்பில் ஆங்கிலத் தொடரைத் தாமே அமைத்துப் பேசியவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், விடை பல வேளைகளில் ஆசிரியர் ஒருவர் என்றே அமையும்.

இவ்வினாவை ஐதராபாத்து நகரின் பேகம்பேட் பகுதியையும் அந்நகரின் ஆங்கிலக் கல்வி வரலாற்றையும் களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்வாய்வுக்கு உரிய அளவுகோலைத் தமிழ் விளையாட்டு மரபிலிருந்தே பெற முடியும் என்பதும், அவ்வளவுகோல் தமிழ் கற்பித்தலுக்கும் பயன்படும் என்பதும் இதன் துணிபு.

பேகம்பேட்டும் ஆங்கிலக் கல்வியும்

ஐதராபாத்துக்கும் சிகந்தராபாத்துக்கும் இடையில் அமைந்த பேகம்பேட், மொழிக்கல்வி ஆய்வாளர்க்கு இயல்பாகவே வாய்த்த ஒரு களமாகும். தெலுங்கும் தக்கணி உருதும் இங்கு அன்றாட வழக்கில் உள்ளன. சிகந்தராபாத்துப் படைக்குடியிருப்பை ஒட்டி வளர்ந்த தமிழ்க் குடியேற்றத்தின் தொடர்ச்சியாகத் தமிழும் பல இல்லங்களில் வழங்குகிறது. ஆங்கிலம் பள்ளியிலும் பணியிடத்திலும் நிற்கிறது.

இந்நகரின் கல்வி வரலாற்றில் ஆங்கிலத்தின் இடம் ஒரே நேர்கோட்டில் வளர்ந்ததன்று. 1918ஆம் ஆண்டு தோன்றிய உசுமானியப் பல்கலைக்கழகம் உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொண்டு, ஆங்கிலத்தை ஒரு மொழிப்பாடமாக மட்டும் வைத்தது. ஐந்தாண்டுகளுக்குப் பின், 1923இல், பேகம்பேட்டில் சாகிர்தார் கல்லூரி தொடங்கப்பட்டது. நிசாம் அரசின் நிலக்கிழார் பிள்ளைகளுக்காக ஆங்கிலேயப் பொதுப்பள்ளி மரபைத் தழுவி அமைந்த இந்நிறுவனமே, சாகிர்தாரி முறை ஒழிந்தபின் ஐதராபாத்துப் பொதுப்பள்ளியாக மாறியது. 1958இல் இந்திய அரசு இந்நகரிலேயே மத்திய ஆங்கில நிறுவனத்தை நிறுவியது. அது 1972இல் மத்திய ஆங்கில, அயல்மொழிகள் நிறுவனமாக விரிந்து, 2007இல் ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 2006இல் வெளிவந்த ஆங்கிலக் கற்பித்தல் பற்றிய தேசியக் கவனக்குழுவின் நிலைப்பாட்டு அறிக்கை, இந்நிறுவனப் பேராசிரியர் இரா. அமிர்தவல்லியின் தலைமையில் உருவானதாகும். உள்ளீடு செறிந்த தொடர்பாடல் சூழலே மொழிகற்றலுக்கு அடிப்படை என அவ்வறிக்கை வலியுறுத்தியது.

இவ்வரலாற்றில் ஓர் உண்மை புலப்படுகிறது. உறைவிடப் பொதுப்பள்ளி மரபில் ஆங்கிலம் பாடவேளையில் மட்டும் கற்கப்படுவதன்று. உணவுக்கூடத்திலும் ஆடுகளத்திலும் அதுவே வழங்குமொழி. எனவே அங்குப் பயிலும் பிள்ளைக்கு ஆங்கிலப் பேச்சு ஒரு பாடமாக இல்லாமல் வாழ்முறையாகிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு வாய்ப்பது ஒரு பாடவேளை மட்டுமே. ஆகவே, விளையாட்டுவழிக் கற்பித்தல் என்பது வசதிபடைத்தோரின் ஆடுகளத்தை ஏனையோரின் நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் கொண்டுவரும் முயற்சியே எனலாம். 2022–23ஆம் கல்வியாண்டு முதல் தெலங்கானா அரசுப் பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை ஆங்கிலவழிக் கல்வி அறிமுகமாகியுள்ள நிலையில், இம்முயற்சி வெல்வதும் தோற்பதும் எண்ணற்ற பிள்ளைகளின் வாழ்வைத் தொடும். பேசத் தெரியாத மொழியில் கணக்கும் அறிவியலும் கேட்க நேரும் பிள்ளை, மொழியோடு பாடத்தையும் இழக்கும்.

விளையாட்டு என்னும் கருத்து

தொல்காப்பிய உரியியல் கெடவரல், பண்ணை என்னும் இரு சொற்களுக்கும் விளையாட்டு என்று பொருள் தருகிறது. மெய்ப்பாட்டியல் உவகைக்குரிய நிலைக்களன்களாகச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகிய நான்கினைக் கூறுகிறது. புலன் என்பது ஈண்டு அறிவுடைமை. அறிவும் விளையாட்டும் ஒரே மெய்ப்பாட்டின் இரு வாயில்களாக வைக்கப்பட்டிருத்தல் கருதத்தக்கது. கற்றல் துன்பமானது, விளையாட்டு அதனை மறக்கச் செய்யும் இனிப்பு என்னும் பார்வை இவ்வைப்புமுறையில் இல்லை.

இன்றைய வகுப்பறை வழக்கிலோ அவ்வினிப்புப் பார்வையே மேலோங்கி நிற்கிறது. பாடம் முடிந்தபின் எஞ்சிய நேரத்தில் ஆட்டம். சரியான விடைக்கு ஒரு விண்மீன் ஒட்டி. வென்ற அணிக்குக் கைதட்டல். இவற்றில் ஆட்டம் மொழிக்குப் புறத்தே நிற்கிறது. மொழியை நீக்கிவிட்டு அவ்விடத்தில் வாய்ப்பாட்டை வைத்தாலும் ஆட்டம் மாறுவதில்லை. ஒரு விளையாட்டு மொழி விளையாட்டாவது எப்போது என்னும் வினாவுக்கு விடை தேடும் முன், நடைமுறையில் உள்ள சிலவற்றைக் காண்பது தகும்.

வகுப்பறை விளையாட்டுகள்: பேசுபவர் யார்?

மொழிவிளையாட்டுகளைத் தொகுத்த நூல்கள் ஆங்கிலத்தில் பல. டபிள்யூ.ஆர். லீ 1965இல் மொழிகற்பிக்கும் விளையாட்டுகளையும் போட்டிகளையும் தொகுத்தளித்தார். ஆண்ட்ரு ரைட், டேவிட் பெட்டரிட்ஜ், மைக்கேல் பக்பி ஆகியோரின் தொகுப்பு 1979இல் வெளிவந்து பல பதிப்புகள் கண்டது. ஷீலா ரிக்சன் 1981இல் எழுதிய நூலில் விளையாட்டுகளைக் குறிமுறைக் கட்டுப்பாட்டு விளையாட்டு, தொடர்பாடல் விளையாட்டு என இருவகைப்படுத்தினார். முன்னதில் சொன்னது பிழையின்றி அமைந்ததா என்பதே வெற்றியை முடிவுசெய்யும். பின்னதில் சொன்னது கேட்டவரிடம் பயன் விளைத்ததா என்பது முடிவுசெய்யும். இப்பாகுபாடு பயனுடையது, எனினும் நம் வகுப்பறைக்கு அதற்கும் முந்திய ஒரு வினா தேவைப்படுகிறது. ஆட்டத்தில் வாய்திறப்பவர் யார்?

தம்போலா ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். எண்களையோ சொற்களையோ ஆசிரியர் அழைக்கிறார். பிள்ளைகள் தம் சீட்டில் அடித்துக்கொள்கின்றனர். அனைவரும் ஆழ்ந்து ஆடுகின்றனர், பேசுபவர் ஒருவரே. ‘சைமன் சொல்கிறார்’ என்னும் ஆட்டத்திலும் கட்டளை ஆசிரியருடையது. பிள்ளைகள் கையையோ தலையையோ அசைக்கின்றனர். கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனுக்கு இவை நற்பயிற்சி என்பதை மறுப்பதற்கில்லை. பேச்சுக்கு முன் கேட்டல் நெடுநாள் நிகழவேண்டும் என்பது குழந்தைமொழி ஆய்வு ஏற்கும் உண்மை. குறை யாதெனில், கேட்டல் விளையாட்டுகளே பேச்சு விளையாட்டுகளாகக் கணக்கில் எழுதப்படுவது. ‘ஹேங்மேன்’ ஆட்டத்தில் பிள்ளைகள் எழுத்துகளின் பெயர்களை மட்டும் கூவுகின்றனர். இசை நாற்காலியில் அதுவும் இல்லை.

எளிய கணக்கு ஒன்று இதனைத் தெளிவாக்கும். நாற்பது மாணவர் உள்ள வகுப்பில், நாற்பது நிமிடப் பாடவேளையில், ஒருவர் பின் ஒருவராகப் பேசினால் ஒவ்வொருவருக்கும் கிட்டுவது ஒரு நிமிடம். ஆசிரியர் பேசும் நேரத்தைக் கழித்தால் அதுவும் அரை நிமிடமாகலாம். இருவர் இருவராக ஆடினால் ஒரே வேளையில் இருபதுபேர் பேசுவர். ஆட்டத்தின் பெயரைவிட ஆடுவோரின் அமைப்பே பேச்சின் அளவை முடிவுசெய்கிறது என்பது இதனால் பெறப்படும்.

கிரிக்கெட் தரும் சான்று

விளையாட்டு தானே ஆங்கிலம் கற்பிக்குமாயின், ஐதராபாத்திலும் தமிழகத்திலும் தெருக்கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் யாவரும் ஆங்கிலம் பேசவேண்டும். அவர்கள் நாவில் பவுலிங், பேட்டிங், வைட், கேட்ச், ரன், அவுட் எனப் பல ஆங்கிலச் சொற்கள் புழங்குகின்றன. ஆயின் அவை ‘ரன் எடுத்தான்’, ‘கேட்ச் பிடித்தான்’, ‘அவுட் ஆனான்’ எனத் தமிழ்த் தொடரில் பெயர்களாக அமர்ந்துவிடுகின்றன. வினை தமிழ், காலம் காட்டும் இடைநிலை தமிழ், திணை, பால், எண், இடம் காட்டும் ஈறு தமிழ். ஆங்கிலம் சொல்லாக வந்தது, தொடராக வரவில்லை. விளையாட்டுவழிக் கற்பித்தலின் பயனாகப் பல பள்ளிகள் காட்டும் சொற்பெருக்கத்தைப் பேச்சுத்திறனாகக் கொள்ளலாகாது என்பதற்கு இது தக்க சான்று.

இவ்வாட்டத்திலேயே ஒரு விதிவிலக்கும் உண்டு. பந்து மட்டையாளரின் காலில் பட்டதும் களத்தில் உள்ள பிள்ளைகள் ஒரே குரலில் ‘ஹவ் இஸ் தட்’ என்கின்றனர். இஃது ஒரு முழுமையான ஆங்கில வினாத்தொடர். ஆங்கிலப் பாடவேளையில் வினாத்தொடர் அமைக்கத் தடுமாறும் பிள்ளையும் இதனைத் தயங்காது, உரிய நேரத்தில், உரிய தொனியில் கூறுகிறது. காரணம் ஆட்டவிதியில் உள்ளது. களத்தரப்பினர் முறையிட்டாலன்றி நடுவர் மட்டையாளரை ஆட்டமிழந்தவராக அறிவிக்கலாகாது என்பது கிரிக்கெட் விதி. 2017ஆம் ஆண்டுத் தொகுப்பில் இது 31ஆம் விதியாக உள்ளது. ஏனைய சொற்களைக் கூறாவிடினும் ஆட்டம் நடக்கும். இக்கூற்றைக் கூறாவிடின் ஆட்டத்தில் இழப்பு நேரும்.

இதனால் முதல் அளவுகோல் கிடைக்கிறது: கூற்றே ஆட்டத்தின் நகர்வாக அமையும்போது குழந்தை பேசுகிறது. காய் நகர்த்தாமல் சதுரங்கம் இல்லை. அதுபோலக் கூறாமல் ஆட்டம் நகராது என்னும் நிலை வேண்டும். இச்சான்றின் வரம்பும் கருதத்தக்கது. ‘ஹவ் இஸ் தட்’ எனக் கூவும் பிள்ளை அத்தொடரின் உறுப்புகளைப் பிரித்தறிவதில்லை; அதனைக் கொண்டு வேறொரு வினாவை அமைப்பதுமில்லை. கூற்று மாறாததாக இருப்பின் அது ஒலிக்கட்டியாகவே நின்றுவிடும். எனவே இரண்டாம் அளவுகோல் தேவைப்படுகிறது: கூற்றில் ஆடுபவர் தாமே தேர்ந்து வைக்கவேண்டிய இடம் ஒன்றேனும் இருத்தல் வேண்டும்.

தமிழ் மரபில் கூற்றாட்டங்கள்

இவ்விரு அளவுகோல்களுக்கும் இயைந்த ஆட்டங்கள் தமிழ் மரபில் உள. குழந்தைகள் இரு அணியாக எதிரெதிரே நின்று, ஒரணி பூப்பறிக்க வருவதாகப் பாடி முன்னேற, மறு அணி எந்த மாதத்தில் வருவாய், என்ன பூப் பறிப்பாய், யாரை அனுப்புவாய் என வினவும் ஆட்டம் நாடறிந்தது. பாட்டின் சட்டகம் மாறாதது. பூவின் பெயரும் அனுப்பப்படும் தோழியின் பெயரும் ஒவ்வொரு முறையும் மாறுவன. அப்பெயரைச் சொன்னபின்னரே இழுவைப் போட்டி நிகழும். எனவே கூற்று ஆட்டத்தின் நகர்வாகவும் உள்ளது. அச்சத்தால் தனித்துப் பேசத் தயங்கும் பிள்ளை குழுவோடு சேர்ந்து சட்டகத்தைப் பாடி, ஓரிடத்தில் மட்டும் தன் தேர்வை வைக்கிறது. அயல்மொழி கற்பிப்போர் நிரப்பிடத் தொடர்ப்பயிற்சி எனப் பெயரிட்டு அழைப்பதைத் தெருவில் ஆடிய பிள்ளைகள் பெயரின்றியே கையாண்டுள்ளனர்.

இதனினும் உயர்ந்த நிலையில் நிற்பது அம்மானை. மகளிர் காய்களை மேலெறிந்து பிடித்தாடும் இவ்வாட்டம் சிலப்பதிகார வாழ்த்துக் காதையில் அம்மானை வரியாகவும், பெண்பாற் பிள்ளைத்தமிழில் ஒரு பருவமாகவும், கலம்பகத்தில் ஓர் உறுப்பாகவும் இலக்கிய வடிவம் பெற்றது. கலம்பக அம்மானையில் மகளிர் மூவர் ஆடுவதாக அமையும். ஒருத்தி ஒரு செய்தியைக் கூறுவாள். மற்றொருத்தி அச்செய்தியில் ஓர் ஐயத்தை எழுப்புவாள். மூன்றாமவள் சிலேடை நயம்பட அதனைத் தீர்ப்பாள். அம்மானை என்னும் விளி கூற்றின் எல்லையைக் காட்டி முறையை அடுத்தவரிடம் ஒப்படைக்கும். இங்குச் சட்டகம் கூற்றின் முறைவைப்பாக மட்டுமே எஞ்சுகிறது; சொல்லும் பொருளும் ஆடுபவருடையன. முன்னவள் கூறியதைக் கேளாமல் பின்னவள் பேச இயலாது. உரையாடலின் இலக்கணம் இதுவே.

இவ்வாறு நோக்க, கூற்றாட்டங்களை மூன்று நிலைகளாகப் பகுக்கலாம். கிரிக்கெட் முறையீடு போன்று கூற்று முழுதும் மாறாதது முதல்நிலை. பூப்பறிக்கும் ஆட்டம் போன்று சட்டகம் மாறாது, ஓரிடம் மட்டும் மாறுவது இடைநிலை. அம்மானை போன்று முறைவைப்பு மட்டும் நிலைத்து, கூற்று முழுதும் ஆடுபவருடையதாவது மேல்நிலை. ஆங்கிலப் பேச்சு விளையாட்டுகளையும் இந்நிரலில் வைத்துப் பார்த்தல் தகும். சீட்டுகளைப் பகிர்ந்துகொண்டு ‘டூ யூ ஹாவ் எ மேங்கோ’ என ஒருவரையொருவர் கேட்டு இணைசேர்க்கும் ஆட்டம் இடைநிலையது. ஒருவர் மனத்தில் எண்ணிய பொருளை இருபது வினாக்களுக்குள் கண்டறியும் ஆட்டமும், ஒருவர் விவரிக்க மற்றவர் பாராமல் படம் வரையும் ஆட்டமும் மேல்நிலையன. இவற்றில் நடுவர் தேவையில்லை. கண்டறிந்த பொருளும் வரைந்த படமுமே கூற்று பயன்பட்டதா என்பதைக் காட்டிவிடும்.

விளையாட்டுக் கையேடுகள் பலவற்றின் குறை இந்நிரல் இன்மையே. முதல்நிலை ஆட்டமும் மேல்நிலை ஆட்டமும் அவற்றில் அகரவரிசையிலோ பாடப்பொருள் வரிசையிலோ அடுத்தடுத்து நிற்கின்றன. ஆசிரியர் தமக்கு எளிதான முதல்நிலையை ஆண்டு முழுதும் ஆடவைத்து, பிள்ளைகள் பேசவில்லையே என வருந்த நேர்கிறது.

பெங்களூருத் திட்டம் கற்பிப்பது

தென்னிந்தியப் பள்ளிகளில் இப்பொருள் குறித்து நிகழ்ந்த பெரும் சோதனை, என்.எஸ். பிரபுவின் வழிகாட்டலில் 1979 முதல் 1984 வரை நடைபெற்ற தொடர்பாடல்வழிக் கற்பித்தல் திட்டமாகும். பெங்களூருத் திட்டம் எனப் பரவலாக அறியப்பட்ட இது சென்னை, கடலூர் ஆகிய ஊர்களின் பள்ளிகளிலும் நடந்தது. பிரபு 1987இல் வெளியிட்ட நூலில் இதன் கொள்கைகளை விளக்கியுள்ளார். இலக்கணத்தை நிரல்படக் கற்பிப்பதைக் கைவிட்டு, தொடர்வண்டிக் கால அட்டவணை, நிலப்படம் போன்றவற்றைக் கொண்டு பிள்ளைகள் சிந்தித்து விடைகாணும் செயல்களை அத்திட்டம் வகுப்பில் வைத்தது. அச்செயல்களைத் தகவல் இடைவெளி, காரணகாரிய இடைவெளி, கருத்து இடைவெளி என மூவகைப்படுத்திய பிரபு, காரணகாரிய இடைவெளியையே பெரிதும் விரும்பினார்.

விளையாட்டை எங்கும் போற்றும் இன்றைய கையேடுகள் இத்திட்டத்தைத் தம் முன்னோடியாகக் கொள்ளுமாயின், ஒரு செய்தியை மறைத்தே அவ்வாறு கொள்ளவேண்டும். பிரபு மாணவர் குழுச்செயலை முதன்மைப்படுத்தவில்லை. முதலில் ஆசிரியர் வகுப்பு முழுமையோடும் ஒரு செயலைச் செய்துகாட்டுவார். பின்னர் அதையொத்த செயலைப் பிள்ளைகள் தனித்தனியே செய்வர். நிறைவுறாத மொழியுடைய பிள்ளைகள் தமக்குள்ளேயே பேசிக்கொண்டால் அந்நிறைவுறாத வடிவமே உறுதிப்பட்டுவிடும் என்பது அவரது கவலை. பேசுமாறு பிள்ளைகளை வற்புறுத்துவதையும் அத்திட்டம் தவிர்த்தது.

இக்கவலை நியாயமானதே. ஆங்கிலத்தை வகுப்பறைக்கு வெளியே கேளாத பிள்ளைகள் நாற்பதுபேர் தமக்குள் பேசும்போது, ஆசிரியர் ஒருவரே நன்மாதிரி. எனினும் தனிச்செயலால் பேச்சு வளராது என்பதும் அதேயளவு உண்மை. பேச்சுக்குக் கேட்பவர் வேண்டும். இம்முரணுக்கு மேற்காட்டிய மூன்றுநிலை நிரல் ஓரளவு தீர்வு தருகிறது. இடைநிலை ஆட்டத்தில் சட்டகம் ஆசிரியரிடமிருந்து வருவதால் தொடர் சிதையும் வாய்ப்புக் குறைவு; மாறும் இடம் பிள்ளையிடமிருந்து வருவதால் பொருளில் கவனம் நிலைக்கும். மேல்நிலை ஆட்டத்தை முதலில் ஆசிரியர் வகுப்பு முழுமையோடும் ஆடிக்காட்டி, அதன்பின் இணைகளாகப் பிரித்தால், பிரபுவின் முன்செயல் முறை விளையாட்டுக்கும் பொருந்திவிடும்.

ஏணியும் அட்டையும்

தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் வேரூன்றி, 2007–08இல் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. ஆந்திரத்தின் மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலியில் உருவான அட்டைமுறையே இதன் மூலம். பாடம் சிறு அட்டைகளாகப் பகுக்கப்பட்டு, கற்றல் ஏணியில் சின்னங்களால் குறிக்கப்பட்டது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏணியில் ஏறியது. பரமபதத்தின் சாயல் கொண்ட இவ்வமைப்பு, ஆசிரியரின் ஓயாச் சொற்பொழிவிலிருந்து பிள்ளைகளை மீட்டது பெரும் பேறு.

ஆங்கிலப் பேச்சைப் பொறுத்தமட்டில் ஒரு வினா எழுகிறது. அட்டையின் இயல்பு காணல், பொருத்தல், படித்தல், எழுதல். இவற்றை வாய்திறவாமலே முடித்து அடுத்த படிக்கு ஏறிவிடலாம். ஏணியில் ஏறுவது நகர்வு எனின், அந்நகர்வுக்குக் கூற்று இன்றியமையாததா என்பது அட்டையைப் பொறுத்ததாகிறது. கூற்று தேவைப்படாத இடத்தில் பேச்சு ஆசிரியரின் தனிமுயற்சியைச் சார்ந்தே நிற்கும். 2022–23இல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கப்பெற்ற எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல்நிலைக்கேற்பப் பகுத்து, தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகியவற்றை ஆடல், பாடல், பொம்மலாட்டம் வழிக் கற்பிக்க முனைகிறது. நிலைக்கேற்பப் பிள்ளையைப் பகுப்பது நன்று. அதேபோல் விளையாட்டையும் கூற்றின் நிலைக்கேற்பப் பகுத்தால் அத்திட்டம் மேலும் வலுப்பெறும்.

தேர்வுமுறையும் ஈண்டுக் கருதத்தக்கது. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பொதுத்தேர்வு எழுத்துத்தேர்வாகவே அமைந்துள்ளது. அளக்கப்படாத திறனுக்கு வகுப்பில் நேரம் ஒதுக்க எந்த ஆசிரியரும் தயங்குவார். தொடக்க வகுப்பில் விளையாடிப் பேசிய பிள்ளை மேல்வகுப்பில் மௌனமாவதன் காரணங்களுள் இது ஒன்று.

தாய்மொழியின் இடம்

ஆங்கில விளையாட்டின்போது தாய்மொழிச் சொல் எழுந்தால் புள்ளி குறைத்தலும் தண்டம் விதித்தலும் சில பள்ளிகளின் வழக்கம். விளையாட்டின் இயல்பை அறியாத வழக்கம் இது. எந்த ஆட்டத்திலும் இருவகைப் பேச்சு உண்டு. ஆட்டத்துக்கு உள்ளே நிகழும் கூற்று ஒன்று. ஆட்டத்தைப் பற்றி நிகழும் வழக்காடல் மற்றொன்று. யார் முதலில், ஏன் இது செல்லாது, மறுபடி ஆடலாமா என்பன பின்னவை. வழக்காடல் குழந்தையின் அறிவும் உணர்வும் கூர்மையுறும் இடம். கற்கத் தொடங்கிய மொழியில் அதனை நிகழ்த்த இயலாது. அதனைத் தடுத்தால் ஆட்டம் உயிரிழந்து பயிற்சியாகிவிடும். ஆட்டத்துக்குள் ஆங்கிலம், ஆட்டத்தைப் பற்றித் தாய்மொழி என வரையறுத்தல் பிள்ளைக்கும் எளிது, விளையாட்டுக்கும் இயல்பு. ஆண்டு செல்லச்செல்ல வழக்காடலிலும் ஆங்கிலம் தானே நுழையும்.

முழுத்தொடரில்தான் விடையளிக்க வேண்டும் என்னும் கட்டுப்பாடும் இதனோடு தொடர்புடையது. பந்து எங்கே என்றால் ‘பெட்டிக்குள்’ என்பதே இயல்பான விடை. ‘பந்து பெட்டிக்குள் இருக்கிறது’ என முழுமையாக்கச் சொல்வது எழுத்துமொழியின் நெறியைப் பேச்சின்மீது ஏற்றுவதாகும். எழுத்துத்தமிழுக்கும் பேச்சுத்தமிழுக்கும் உள்ள இடைவெளியை நன்கறிந்த தமிழாசிரியர்க்கு இக்குறை எளிதில் விளங்கும்.

தமிழ்க் கல்விக்கு இதன் பயன்

ஆங்கிலம் கற்பித்தல் பற்றிய ஆய்வு தமிழியலுக்கு என்ன பயன் தரும் என்னும் வினா எழலாம். பேகம்பேட்டில் வாழும் தமிழ்க்குடும்பத்துப் பிள்ளையை எண்ணிப் பார்த்தால் விடை கிட்டும். அப்பிள்ளை தக்கணி உருதையும் தெலுங்கையும் கற்பது தெருவில் தோழரோடு ஆடும்போது. அம்மொழிகளில் பேசாவிடில் ஆட்டத்தில் இடமில்லை. ஆங்கிலத்தைக் கற்பது பள்ளியில். தமிழ் பெரியோரோடு பேசும் மொழியாக இல்லத்துக்குள் ஒடுங்கிவிடுகிறது. சமவயதுத் தோழரோடு ஆடப்படாத மொழி, அடுத்த தலைமுறையில் கேட்டுப் புரியும் மொழியாகச் சுருங்கும் இடர் உண்டு. ஆங்கிலத்துக்கு விளையாட்டு எத்துணைத் தேவையோ, புலம்பெயர் சூழலில் தமிழுக்கும் அத்துணைத் தேவை.

சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டு தமிழ்ப் பாடத்திட்டத்தையும் கற்பித்தல் முறையையும் மறுஆய்வு செய்த குழு, வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு உரிய இடமளிக்கப் பரிந்துரைத்தது. இல்லத்தில் தமிழ் குறைந்துவரும் சூழலில் எடுக்கப்பட்ட முடிவு அது. ஐதராபாத்து, மும்பை, தில்லி ஆகிய நகரங்களின் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அத்தேவை உண்டு.

தேவநேயப் பாவாணர் 1954இல் வெளியிட்ட ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ ஆடுகருவி, ஆடிடம், ஆடுமுறை முதலிய கூறுகளாகப் பகுத்து நம் விளையாட்டுகளை விளக்கியது. அதன்பின் நாட்டார் வழக்காற்றியல் துறைகள் குழந்தைப் பாடல்களையும் விளையாட்டுகளையும் தொகுத்துள்ளன. அத்தொகுப்புகளில் பாடலைக் கண்ட அளவிற்கு, யார் எப்போது யாரிடம் எதனைக் கூறுகிறார், கூறாவிடில் ஆட்டத்தில் என்ன நேரும் என்பதைக் கண்டோமா? ஆடுமுறையோடு கூறுமுறை என ஒரு தலைப்பைச் சேர்த்து அவற்றை மீளாய்வு செய்தால், தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒருங்கே பயன்படும் கூற்றாட்ட நிரல் ஒன்று உருவாகும்.

முடிவுரை

விளையாட்டு குழந்தைக்குச் சொற்களை எளிதில் தருகிறது. பேச்சைத் தருவது கூற்றே நகர்வாக அமைந்த விளையாட்டு மட்டுமே. அக்கூற்றும் மாறாததிலிருந்து மாறுவதற்கும், மாறுவதிலிருந்து முழுவுரிமைக்கும் படிப்படியாக உயரவேண்டும். ஆடுவோர் சிறு இணைகளாதலும், ஆட்டத்தைப் பற்றிய வழக்காடலில் தாய்மொழிக்கு இடமளித்தலும், வெற்றியை ஆசிரியரின் தீர்ப்பைவிட ஆட்டத்தின் விளைவே காட்டுதலும் இதற்குத் துணையாவன.

சாகிர்தார் பிள்ளைகளுக்கு 1923இல் பேகம்பேட்டில் அமைந்த ஆடுகளம் இன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்க்கப்போவதில்லை. ஒரு பாடவேளையை உண்மையான ஆடுகளமாக்குதல் ஆசிரியரால் இயலும். அதற்கு வண்ணச் சீட்டுகளும் விலையுயர்ந்த கருவிகளும் வேண்டுவதில்லை. வகுப்பிற்குள் ஓர் ஆட்டத்தைக் கொண்டுசெல்லுமுன், இதில் பிள்ளை பேசாமலே வெல்ல முடியுமா என ஆசிரியர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டால் போதும். முடியும் எனில் அது நல்ல விளையாட்டாக இருக்கலாம். பேச்சு கற்பிக்கும் விளையாட்டாகாது.